யாழ்ப்பாணத்தில் டொச் வகுப்பும் ஓர் எழுத்துப் பிழையும்

இந்த முறை ஐந்து வாரங்கள் ஊரில் நின்றபோது, கோயில், கலியாண வீடு என்று போன நாட்களைவிடப் பெறாமகளின் டொச் (ஜேர்மன் மொழி) வகுப்புக்கும் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கும் அலைந்த நாட்களே அதிகம். அவள் ஒஸ்ரியாவின் இன்ஸ்புறூக் நகரில் இருக்கும் கணவரிடம் போகவிருக்கிறாள். குடும்பமாக வருவோரிடம் அந்த நாடு முன்கூட்டியே டொச்சில் தொடக்க நிலைத் தேர்ச்சியைக் காட்டும் ஏ1 சான்றிதழைக் கேட்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் அது ஓராண்டுக்கு மேல் பழையதாகவும் இருக்கக்கூடாது.

வகுப்பைப் பற்றி நல்லதாகவே சொல்லவேண்டும். வாய்மொழித் தேர்வில் பெயர், வயது, நாடு, வசிக்கும் இடம், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு ஆகியவற்றைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்தி, பெயரை எழுத்தெழுத்தாகவும் ஒப்புவிக்கவேண்டும் என்பதால், ஆசிரியர் ஒவ்வொரு மாலையும் அதிலேயே தொடங்குகிறார். ஆனால் சுவரில் தொங்கியது ஜேர்மனியின் வரைபடம் மட்டுமே. படித்த பதினொரு பேரில் நான்கு பேர் சுவிசுக்குப் போகிறவர்கள்.

"எல்லாம் ஒரே டொச்தானே அண்ணை" என்றார் ஆசிரியர். சோதனைக்கு அது சரி, வாழ்வதற்குப் போதாது. சுவிசில் நான் வேலை செய்யும் இடத்தில் வாயில் வருவது வட்டார மொழி, கடிதத்தில் வருவது எழுத்து டொச். அந்த எழுத்திலும் ஜேர்மனியரின் கூட்டெழுத்தான 'எஸ்செற்' கிடையாது, இரண்டு 'எஸ்' போட்டுவிடுவோம். ஒஸ்ரியாவில் தை மாதம் 'யனுவார்' அல்ல, 'யென்னர்'. 1995 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, உருளைக்கிழங்கு, அப்ரிகொட் முதலான 23 உணவுப் பொருட்களுக்குத் தங்கள் சொற்களும் ஜேர்மனியின் சொற்களுக்கு நிகராகச் செல்லும் என்று எழுதி வாங்கிய நாடு அது. இன்ஸ்புறூக்கிலிருந்து தெற்கே மலைக்கணவாயைக் கடந்தால் இத்தாலி வந்துவிடும். ஆயினும் 1919 உடன்படிக்கையால் அந்தப் பக்கம் போன தென் திறோலில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் டொச் பேசுகிறவர்களே. லீக்ரென்ஸ்ரைன், லக்சம்பேர்க், பெல்ஜியத்தின் கிழக்கு ஓரம் ஆகிய இடங்களிலும் அது அரச அலுவல்களில் வழங்குகிறது. 1915 வரை ஜேர்மனியின் ஆட்சியில் இருந்த நமீபியாவிலோ இன்றைக்கும் டொச் நாளிதழ் ஒன்று வெளிவருகிறது. இவற்றையெல்லாம் பாடமாக நடத்தத் தேவையில்லை. வகுப்பில் சேரும்போதே "எந்த நாட்டுக்குப் போகிறீர்கள்" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அலைச்சல் வேறு விதமானது. வேலை சுத்தம், விலையும் நியாயம், சொன்ன நாளில் கையில் தந்தார்கள். ஆனால் பெறாமகளின் பெயர் 'வ'கரத்தில் தொடங்குவது. டொச்சில் 'டபிள்யூ'தான் நம்முடைய 'வ' போல ஒலிக்கும், 'வீ' பெரும்பாலும் 'ஃப' ஆகிவிடும் என்ற நினைப்பில், பிறப்புச் சான்றிதழிலிருந்த தமிழ்ப் பெயரை மொழிபெயர்ப்பாளர் 'டபிள்யூ' போட்டு எழுதியிருந்தார். கடவுச்சீட்டில் இருப்பதோ 'வீ'. அதை அப்படியே கொடுத்திருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிறுவ இன்னொரு கடதாசி தேடவேண்டி வந்திருக்கும். கடவுச்சீட்டின் பிரதியை முதலே கேட்டு வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மறுபேச்சில்லாமல் இரண்டு நாளில், காசு வாங்காமல் திருத்தித் தந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

அன்று மாலை வகுப்பில் அவள் தன் பெயரை ஒப்புவித்தபோது, முதல் எழுத்தில் சற்று நின்று, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, 'வே' என்னாமல் 'ஃபௌ' என்று அழுத்திச் சொன்னாள்.