கோடாரி எறிதல் போட்டி: எந்த விதிமுறை?

கனடாவிலும் அமெரிக்காவிலும் கோடாரி எறிதல் போட்டி நடத்துபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு விதிமுறையைத்தான் எடுக்கிறார்கள்.

டபிள்யூ.ஏ.டி.எல். (உலகக் கோடாரி எறிதல் லீக்) முறையில் ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்கு 10 எறிதல். நடுவட்டத்துக்கு 6 புள்ளி, மொத்தம் யாருக்கு அதிகமோ அவரே வெற்றி. ஆட்டம் எப்போது முடியும் என்று முன்பே கணக்குப் போட்டுவிடலாம்.

ஐ.ஏ.டி.எஃப். (சர்வதேசக் கோடாரி எறிதல் கூட்டமைப்பு) முறையில் ஐந்தைந்து எறிதலாக மூன்று சுற்றுகள், நடுவட்டத்துக்கு 5. ஐந்தாவது எறிதலில், முன்கூட்டியே அறிவித்துவிட்டு மேலே உள்ள சின்னப் பச்சைப் புள்ளியில் பதித்தால் 7. தவறினால் பூஜ்யம்! மூன்று சுற்று முடிந்தும் ஆட்டம் சமநிலையில் இருந்தால் பெரிய கோடாரியைக் கையில் எடுக்க வேண்டும். பார்க்க அவ்வளவு விறுவிறுப்பு. ஆனால் நேரம் இழுக்கும்.

ஒரே நாளில் 32 பேரை ஆடவைக்க வேண்டுமென்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். அப்புறம், எதுவானாலும் இலக்குப் பலகையை நனைத்து வையுங்கள். இருவரும் எறிந்து முடித்த பிறகுதான், சேர்ந்து போய்க் கோடாரியை எடுக்க வேண்டும்.