பிறையில் நடந்த போதைப்பொருள் விழிப்புணர்வுப் பட்டறை: ஒரு தாயின் மதிப்பீடு

படிவம் இரண்டில் பயிலும் என் மகனை அழைத்துக்கொண்டு, மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பிறை என்னும் ஊரின் கோயில் மண்டபம் ஒன்றில் தன்னார்வக் குழுவினர் பதின்ம வயதினருக்கும் பெற்றோருக்கும் சேர்த்து நடத்திய போதைப்பொருள் விழிப்புணர்வுப் பட்டறைக்குக் கடந்த ஞாயிற்றுக்கிழமை சென்றிருந்தேன். காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை நடந்தது. மதிய உணவுடன் சேர்த்து ஆளுக்குப் பத்து ரிங்கிட் வாங்கினார்கள்.

அங்கே யாரும் பிள்ளைகளைப் பயமுறுத்தவில்லை என்பதே எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பேசியவர் ஓய்வுபெற்ற தாதி. கைவிலங்கையும் தூக்குக் கயிற்றையும் திரையில் காட்டாமல், உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதையே பொறுமையாக விளக்கினார். மேசையில் வேப் எனப்படும் மின்சிகரெட் கருவிகள் நான்கைந்தை வைத்திருந்தார். அவற்றில் ஒன்றை நான் மகனின் பென்சில் பெட்டியில் கண்டிருந்தால் வண்ணப் பேனா என்றே எண்ணியிருப்பேன். இவற்றில் பலவற்றில் உப்பு வடிவ நிக்கோட்டின் சேர்க்கப்படுவதால் தொண்டையில் எரிச்சல் குறைகிறது என்றும், அதனால் புதிதாகப் பழகுபவரும் ஆழமாக இழுத்துவிடுகிறார் என்றும், சிந்தித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டிருப்பதால் இளம் வயதில் பற்றிக்கொள்ளும் பழக்கம் எளிதில் விடாது என்றும் அவர் சொன்னபோது மண்டபம் அமைதியாகிவிட்டது.

செயற்கைக் கஞ்சா கலந்த வேப் திரவத்தைப் பற்றிய பகுதி இன்னும் ஆழமாக இருந்தது. கஞ்சாச் செடியின் வேதிப்பொருள் மூளையில் அது பற்றிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளை ஓரளவே தூண்டுகிறது. ஆய்வகத்தில் தயாராகும் பொருளோ அவற்றை முழுவதுமாகத் தூண்டுவதால் வலிப்பு, இதயப் படபடப்பு, மாயத்தோற்றம் ஆகியவை ஓரிரு இழுப்பிலேயே வரக்கூடும். நம் வடமாநிலங்களில் பிளாஸ்டிக் பைகளில் கட்டி விற்கப்படும் கெத்தும் நீரையும், அதாவது கெத்தும் மர இலையைக் கொதிக்கவைத்து எடுக்கும் போதை நீரையும், அவர் விடவில்லை. “இலைதானே” என்று சொல்லிக் குடிப்பவர்களுக்கு, அதிலுள்ள மித்ராஜினைன் அபின் வகைப் பொருள்கள் பற்றும் அதே ஏற்பிகளையே பற்றுகிறது என்றும், நிறுத்தினால் உடல்வலியும் தூக்கமின்மையும் வருத்தும் என்றும் விளக்கினார். சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே பேசினார்: 2024 அக்டோபர் 1 முதல் 18 வயதுக்குட்பட்டவருக்குச் சிகரெட்டோ வேப்போ விற்பது குற்றமாகும்.

பிள்ளைகள் பெயரில்லாமல் கேள்வி எழுதிப் போட ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். “என் நண்பன் சியாபு எடுக்கிறான், யாரிடம் சொல்வது?” என்று ஒரு சீட்டு வந்தது (சியாபு என்பது மெத்தம்ஃபெட்டமின் என்னும் போதைப்பொருள்). தாமாக முன்வந்து, அரசின் தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனமான ஏஏடிகேயிடம் சிகிச்சை கேட்க வழியுண்டு என்றும், நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது என்றும் பதில் கிடைத்தது. பள்ளிகளில் இந்தக் கேள்வியை எழுப்பவே பிள்ளைகள் அஞ்சுவார்கள்.

மதுவுக்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்காததுதான் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. தோட்டப்புறங்களில் சம்சு என்னும் மலிவு விலைச் சாராயம் எத்தனை குடும்பங்களைச் சீரழித்தது என்பதை நம் மூத்தவர்கள் அறிவார்கள். மது வாங்கும் வயது 2017 டிசம்பரிலேயே 21 ஆக உயர்த்தப்பட்டும், கல்யாண வீட்டுப் பின்கட்டில் மாமன்மாரே பையன் கையில் குவளையைக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோரை உட்கார வைத்து இதைப் பேசாமல் விட்டது எனக்கு வருத்தமே. ஒலிபெருக்கியும் பின்வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில், அந்த வண்ணப் பேனா போன்ற கருவியைத் தன் வகுப்பில் இருவரிடம் பார்த்திருப்பதாக மகன் தானாகவே சொன்னான். அடுத்த பட்டறைக்கு அவனுடைய அப்பாவையும் அழைத்துச் செல்லப் பெயர் கொடுத்திருக்கிறேன்.