துணிக்கடையில் ஒரு கலைக்கூடம்: எழுதிய விதியும் நடக்கும் விதமும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தைக் கடைவீதியில், முன்பு புடவையும் பள்ளிச் சீருடையும் விற்ற ஒரு மாடிக் கடைவீடு இப்போது சமகாலக் கலைக்கூடமாக நடந்து வருகிறது. 2007இல் ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறிய பிறகும் பழைய பெயரையே சொல்லிவரும் ஊரார், பெயர்ப்பலகை இல்லாத இந்தக் கூடத்தையும் துணிக்கடை என்றே அழைக்கிறார்கள். இரண்டு மாதத்தில் நான்கு முறை போய்வந்தேன். வாசலை ஒட்டிய சுவரில், கூடத்தை எப்படி நடத்தப்போகிறோம் என்பதை ஏழு விதிகளாகத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சாயத்தால் எழுதி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைப்பவர்களை அவர்களுடைய அளவுகோலாலேயே அளப்பதுதான் நியாயம் என்பதால், ஏழில் எனக்கு முக்கியமாகப் பட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் விதி நேரத்தைப் பற்றியது: ‘வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு வருகிறவருக்காகத் திறந்திருப்போம்.’ அதன்படியே மாலை நான்கு மணிக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையிலேயே திறந்துவிடுகிறார்கள். விடியும் முன்பே பெரட்டுக்கு (தோட்டத்தில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு)ப் போய், பகல் பாதி கழிந்த பிறகு வீடு திரும்பிப் பழகிய சனங்களுக்கு நடுவில், பத்திலிருந்து ஐந்து வரை திறந்து வைக்கிற கூடம் வெளியூர்க்காரர்களுக்காக மட்டுமே நடக்கும். நான் போன நான்கு நாளும் கூடத்தில் உள்ளூர் முகங்களே அதிகம் இருந்தன.

இப்போது நடக்கும் கண்காட்சி, தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை (பாமாயில் தரும் எண்ணெய்ப்பனை) வந்த கதையைச் சொல்கிறது. மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாகப் பயிரானது 1917இல், இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் என்பதால், இந்தக் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. (செம்பனைக்குப் பேர்போன தோட்டத்துக்குத் தென்னையின் பெயர் வாய்த்திருப்பதை எந்தக் கலைஞரும் இன்னும் எடுத்தாளவில்லை என்பது எனக்கு வியப்பு.) நடுக்கூடத்தில் பழைய பால் மங்குகள் (ரப்பர் மரத்துப் பாலைப் பிடிக்கும் கிண்ணங்கள்) கண்மட்டத்தில் கம்பியில் தொங்குகின்றன. சிலவற்றின் அடியில் உறைந்து ஒட்டிக்கொண்ட ஒட்டுப்பால் கறுத்துக் காய்ந்திருக்க, ஒவ்வொன்றுக்குள்ளும் தொழிலாளர் வருகையும் கூலியும் பதியும் செக்ரோல் தாள் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. என்னோடு நின்ற ஒரு பாட்டி, தொடலாம் என்ற குறிப்பைப் பார்த்ததும், ஒரு மங்கைப் பிடித்து உட்புறத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தார். அதன் பிறகுதான் தாளை எடுத்தார். அந்தக் கைப்பழக்கத்தைப் பார்த்தபோது, தொடவிட்ட முடிவு சரியானது என்று பட்டது.

‘வாளியும் மங்கும் கலையா?’ என்று கேட்பவர்கள் அங்கேயும் உண்டு. வழிகாட்டியாக நின்ற இளம்பெண் அதற்குச் சலிக்காமல் பதில் சொன்னார். மலேசியக் கலைஞர்களான ரெட்சா பியாடாசாவும் சுலைமான் ஈசாவும் 1974இல் கோலாலம்பூரில் எரிந்து முடிந்த கொசுவத்தியையும், பறவையைத் திறந்துவிட்ட வெற்றுக் கூண்டையும், பாதி குடித்த கொக்கோகோலா போத்தல்களையும் காட்சிக்கு வைத்ததையும், அதற்கு முந்தைய ஆண்டிலேயே இன்னொரு மலேசியக் கலைஞரான நிர்மலா தத் சண்முகலிங்கம் குப்பையையும் புகைப்படங்களையும் கொண்டு ஒரு படைப்பைச் செய்ததையும் அவர் கதையாகச் சொன்னபோது, கேட்டவரும் நின்று கேட்டார்.

விளக்கச்சீட்டு வாசிப்பவருக்குப் புரிய வேண்டும் என்பது மூன்றாவது விதி. என் முதல் வருகையில் அது மீறப்பட்டிருந்தது. மங்குகளின் அருகே ‘கலப்பு ஊடகம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, அதே பாட்டி, ‘ஊடகம்னா டிவியா, பேப்பராம்மா?’ என்று வழிகாட்டியிடம் கேட்டார். அடுத்த வாரம் போனபோது அந்தச் சீட்டை எடுத்துவிட்டு, ‘மங்கு, கம்பி, ஒட்டுப்பால், செக்ரோல் தாள்’ என்று மாற்றியிருந்தார்கள். மாடியில் உள்ள சீட்டுகளில் மட்டும் ‘கலப்பு ஊடகம்’ போன்ற புரியாத தமிழ் இன்னும் அப்படியே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஐந்தாவது விதி: இரவல் வாங்கும் பொருளுக்குச் சீட்டு. பல ஆண்டுகளுக்கு முன் தலைநகரில் ஒரு காட்சிக்கென்று என் தகப்பனாரின் பால் வெட்டும் கத்தியை வாங்கிப் போனவர்கள், அதைத் தோட்டத்து வாழ்க்கையின் சின்னம் என்று சுவரில் மாட்டினார்கள். அவருடைய பெயரைப் போடவில்லை, கத்தியும் திரும்பி வரவில்லை. அந்த வடு இருந்ததால், அவருடைய கார்பைட் நெற்றி விளக்கை இங்கே கொடுக்கத் தயங்கினேன். ஆனால் அவர்கள் விளக்கை மேசையில் வைத்து நான்கு பக்கமும் படமெடுத்து, ‘கண்ணாடி இல்லை, வார் இருமுறை தைக்கப்பட்டது, இடப்பக்கம் விரற்கடை அளவு நசுங்கல்’ என்று எழுதி, திருப்பித் தரும் தேதியைக் குறித்து, பெயரைப் போடலாமா வேண்டாமா என்றும் கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். போடச் சொன்னேன். போட்டிருக்கிறார்கள்.

பண விஷயத்தில் சொல்வதற்கு அதிகம் இல்லை. அனுமதி இலவசம், விற்றாலும் விற்காவிட்டாலும் கலைஞருக்குச் சம்பளம் உண்டு. வருமானத்தில் ஒரு பங்கைப் பொதுப்பெட்டியில் சேர்க்கும் வழக்கத்தை, 2022இல் ஜெர்மனியின் காசெல் நகரில் டாக்குமெண்டா என்ற பெரிய சமகாலக் கலைக் கண்காட்சியை நடத்திய ஜகார்த்தாவின் ருவாங்ருப்பா குழுவிடமிருந்து எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். அந்தக் குழு இதை லும்புங், அதாவது நெற்களஞ்சியம், என்று அழைத்தது. கூட்டு (மாதச் சீட்டு) கட்டிப் பழகிய நம்மவருக்கு விளக்கம் தேவைப்படாது. கணக்கைப் பலகையில் எழுதுவோம் என்ற விதிக்கு நேர்மாறாக, கடைசி மூன்று மாதக் கணக்கு எழுதப்படாமல் கிடப்பதைத்தான் கேட்க வேண்டியிருந்தது. எழுத ஆள் இல்லை என்றார்கள். நான் அதை ஏற்கவில்லை.

குறைகளில் பெரியது வெளிச்சம். காகிதப் படைப்புகளுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவை) அளவுள்ள மங்கலான ஒளியே போதும் என்பது காப்பகங்களின் பொதுவான வழக்கம். இங்கேயோ மாடியின் மேற்குச் சன்னல் வழியாக, திறக்கும் நேரத்திலேயே வெயில் நேராகப் பழைய புகைப்படங்களின் மீது விழுகிறது. இரவல் கொடுத்தவரின் பொருளைக் காப்போம் என்று எழுதியவர்கள் ஒரு திரைத்துணி வாங்காமலிருப்பது, அதுவும் பழைய துணிக்கடையில், கொஞ்சம் வேடிக்கைதான். அந்த மாடிக்குப் போகும் படியோ ஏணி போலச் செங்குத்தாக இருக்கிறது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) குடும்பப் படங்கள் முழுவதும் மேலேதான் இருப்பதால், அந்தப் படங்களில் சிறு பிள்ளைகளாக நிற்பவர்கள் இன்று முழங்கால் வலியோடு கீழேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். மங்குகளை மாடிக்கு ஏற்றிவிட்டுப் படங்களைக் கீழே இறக்கினால் இந்தக் குறை அன்றே தீரும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நெற்றி விளக்கைத் திரும்ப வாங்க அடுத்த மாதம் முதல் ஞாயிறு போக வேண்டும். திரை போட்டிருக்கிறார்களா என்று அப்போது பார்த்துக்கொள்கிறேன்.