30 நாள்ல 3600 வார்த்தைன்னு விக்கிற ஜிஆர்இ கோர்ஸ் வாங்கப்போறீங்களா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதப் படிங்க

ஜிஆர்இக்கு, அதான் வெளிநாட்டுல மேல்படிப்புக்குப் போக எழுதுற பரீட்சைக்கு, ரெடியாகிட்டு இருக்கவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. யாராவது ஃபோன் பண்ணி "30 நாள்ல 3600 ஹை ஃப்ரீக்வன்ஸி வேர்ட்ஸ், ஸ்கோர் ஏறலைன்னா முழுப் பணமும் வாபஸ்"னு சொன்னா தயவுசெஞ்சு உடனே கட்டிடாதீங்க. நான் கட்டினேன். பணம் போனது ஒரு பக்கம்னா என்னோட ரெண்டு மாசம் போச்சு, தப்புத்தப்பா மனப்பாடம் பண்ணின வார்த்தைங்கள மண்டைல இருந்து எடுக்க இன்னும் போராடிட்டு இருக்கேன். கம்பெனி பேர் போடல, ஏன்னா இதே சரக்கு வேற வேற பேர்ல சுத்திட்டு இருக்கு, ஒரு பேரச் சொன்னா அத மட்டும் விட்டுட்டு இன்னொன்னுல போய் மாட்டுவீங்க.

நடந்தது இதுதான். எனக்கு மேத்ஸ் பயம் இல்ல, வெர்பல்தான், அதாவது இங்கிலீஷ் பகுதிதான் உதறல். ஒரு ஃப்ரீ வொகாபுலரி டெஸ்ட்னு விளம்பரம் வந்துச்சு, எழுதினேன், 20க்கு 6. அடுத்த அரை மணி நேரத்துல ஃபோன். "மேடம் உங்க லெவல் ரொம்ப கீழ இருக்கு, இப்படியே போனா வெர்பல்ல 170க்கு 145 தாண்டாது, இன்னைக்கு ராத்திரிக்குள்ள சேந்தா மட்டும்தான் இந்த ஆஃபர்"னு அந்தப் பையன் பேசப்பேச எனக்கு வயித்துல புளியக் கரைச்சுது. ரெண்டாவது அட்டெம்ப்ட் தேவைப்பட்டா அடுத்த வாரமே எழுதிக்கலாம்னு வேற சொன்னான். அது பச்சைப் பொய்ங்க. ஒரு தடவ எழுதிட்டா 21 நாள் கழிச்சுதான் அடுத்தது எழுத முடியும், 12 மாசத்துல மொத்தமே 5 தடவதான். இந்த ரூல் ஜிஆர்இ நடத்துற இடிஎஸ் வெப்சைட்லயே இருக்கு, ஆனா பயத்துல இருக்கப்ப நாம எங்க போய் பாக்குறோம்.

ஆப்ப தெறந்தா ஒரு நாளைக்கு 120 வார்த்தை. இடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, வலது பக்கம் ஒத்த வார்த்தைல அர்த்தம், அவ்வளவுதான், ஒரு வாக்கியம்கூட கிடையாது. மறுநாள் புது 120 வந்துரும், நேத்து படிச்சது திரும்ப வரவே வராது. மொத நாள் ராத்திரி எல்லாமே ஞாபகம் இருந்துச்சு, அதனால நல்லாப் போகுதுன்னு நம்பினேன். அஞ்சாவது நாள் மொத நாள் லிஸ்ட்ட நானே பேப்பர்ல எழுதிப் பாத்தேன், 120ல 30கூட வரல. என் ஞாபக சக்திதான் மோசம்னு நெனச்சு அழுதுருக்கேன். உண்மைல குறை என் மேல இல்ல. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1885லயே தன்ன வச்சே சோதிச்சு எழுதிட்டார், படிச்சதுல பெரும்பகுதி மொத ஒரு நாளுக்குள்ளயே கழண்டு போயிடும், இடைவெளி விட்டு விட்டு திரும்பப் பாத்தாத்தான் நிக்கும்னு. ரிவிஷனே இல்லாத ஒரு வொகாபுலரி கோர்ஸ விக்கிறவன் ஒண்ணு இத தெரியாதவனா இருக்கணும், இல்ல தெரிஞ்சே விக்கணும்.

அதுகூடப் பொறுத்துக்குவேன். அர்த்தமே தப்பா இருந்ததத்தான் என்னால மன்னிக்க முடியல.

ஒரு நாள் ரீடிங் ப்ராக்டிஸுக்காக ஒரு மேகஸின் கட்டுரை படிச்சிட்டு இருந்தேன், அதுல "எனர்வேட்டிங் ஹீட்"னு வருது. லிஸ்ட்ல எனர்வேட்னா உற்சாகப்படுத்து, சக்தி குடுன்னு படிச்சிருந்தேன். வெயில் எப்படிங்க உற்சாகம் குடுக்கும்? மூணு தடவ திரும்பப் படிச்சேன், கட்டுரைலதான் ஏதோ தப்புன்னு நெனச்சேன். அப்புறம் மெரியம் வெப்ஸ்டர் அகராதில போட்டுப் பாத்தா எனர்வேட்னா சக்திய உறிஞ்சி எடுக்குறது, தளர வைக்கிறது. அப்படியே நேர் எதிர்! எனர்ஜி மாதிரி காதுல விழுதுன்னு எவனோ குத்துமதிப்பா எழுதி வச்சிருக்கான்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, உக்காந்து ஒவ்வொண்ணா செக் பண்ண ஆரம்பிச்சேன். நாய்ஸம்னா சத்தமானதுன்னு போட்டிருந்தாங்க, அது நாத்தம் அடிக்கிறது, அருவருப்பானது, நாய்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ரெஸ்டிவ்னா ஓய்வா இருக்குறதாம், நெஜமா அடங்காம நெளியறது. இன்ஜென்யுவஸ்க்கு புத்திசாலின்னு இருக்கு, அது இன்ஜீனியஸோட அர்த்தம், இன்ஜென்யுவஸ்னா கள்ளங்கபடம் இல்லாத ஆள். ப்ராடிகலுக்கு மேதைன்னு போட்டிருக்காங்க, ப்ராடிஜியோட குழப்பிட்டாங்க, ப்ராடிகல்னா ஊதாரி. மெரிட்ரீஷியஸ்னா மெரிட் உள்ளதுன்னு இருந்துச்சு, உண்மைல அது வெளிப்பகட்டு மட்டும் இருந்து உள்ள ஒண்ணும் இல்லாதது. டிஸ்இன்ட்ரெஸ்டட்க்கு ஆர்வம் இல்லாதவர்னு மட்டும் போட்டிருந்தாங்க, பேச்சுல சில பேர் அப்படிச் சொல்றாங்கதான், ஆனா பரீட்சைக்கு வேண்டியது பாரபட்சம் பாக்காதவர்ங்குற அர்த்தம், அது லிஸ்ட்லயே இல்ல. பாருங்க, இதெல்லாம் பரீட்சை வைக்கிறவங்க வேணும்னே தேர்ந்தெடுக்குற வார்த்தைங்க, பாத்தா ஒண்ணு மாதிரி இருக்கும் அர்த்தம் வேறயா இருக்கும், ஒரு நல்ல கோர்ஸ் ஜாக்கிரதை பண்ண வேண்டிய எடமே இதுதான், அந்த எடத்துலயே குழிய வெட்டி வச்சிருக்காங்க.

இன்னொண்ணு, எல்லாரும் மிஸ் பண்றது. வெர்பல்ல உண்மையா கால வாருறது பெரிய பெரிய வார்த்தைங்க மட்டும் இல்ல, நமக்கு ஏற்கனவே தெரியும்னு நெனைக்கிற சின்ன வார்த்தையோட ரெண்டாவது அர்த்தம். க்வாலிஃபைனா தகுதி பெறுறதுன்னு சின்ன வயசுல இருந்து தெரியும், ஆனா "க்வாலிஃபைட் சப்போர்ட்"னா நிபந்தனையோட குடுக்குற ஆதரவு, முழு மனசா குடுக்கல. சாங்ஷன் அனுமதியாவும் இருக்கும் தண்டனையாவும் இருக்கும். டெம்பர்னா கோபம் மட்டும் இல்ல, வேகத்தத் தணிக்கிறது. வான்ட்னா இல்லாமை, ஃப்ளாக்னா சோர்ந்து போறது, அரெஸ்ட்னா தடுத்து நிறுத்துறது, எகானமினா சிக்கனம். அந்த 3600ல இப்படி ஒரு வார்த்தைகூட இல்ல, நான் தேடிப் பாத்தேன். ஏன்னா எண்ணிக்கை காட்டத்தான் அந்த லிஸ்ட், பாத்தா மலைக்கணும்.

அர்த்தம்தான் இப்படின்னா, டெஸ்ட் பத்தி சொல்லிக்குடுத்ததும் பழசு. பாதி க்விஸ் ஆன்டனிம் (எதிர்ச்சொல்), அனாலஜி (வார்த்தை ஜோடிங்கள ஒப்பிடுறது)ன்னு இருந்துச்சு. அந்த ரெண்டையும் 2011 ஆகஸ்ட்லயே ஜிஆர்இல இருந்து தூக்கிட்டாங்க! இப்ப இருக்கறது டெக்ஸ்ட் கம்ப்ளீஷன் (ப்ளாங்க்க நிரப்புறது), சென்டென்ஸ் இக்விவலன்ஸ் (ஒரே ப்ளாங்க்குக்கு, வாக்கியத்தோட அர்த்தம் ஒண்ணா வர்ற மாதிரி ரெண்டு வார்த்தை எடுக்கறது), ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் (பத்தியப் படிச்சு பதில் சொல்றது). அப்புறம் வீடியோல ஒருத்தர் "ஒரு கேள்விய தாண்டிட்டா திரும்பிப் போக முடியாது, அதனால மொத அஞ்சு கேள்விக்கு அதிக நேரம் எடுங்க"ன்னு சொல்றாரு. அதுவும் 2011க்கு முன்னாடி இருந்த மொற. இப்ப ஒரு செக்ஷனுக்குள்ள முன்ன பின்ன போலாம், மார்க் பண்ணி வச்சிட்டு வரலாம். 2023 செப்டம்பர்ல டெஸ்ட்டயே சுருக்கி ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, வெர்பல்ல மொத்தமே 27 கேள்வி, மொதல்ல 12 கேள்விக்கு 18 நிமிஷம், அடுத்து 15 கேள்விக்கு 23 நிமிஷம். மொத செக்ஷன எப்படிப் பண்றோமோ அத வச்சுத்தான் ரெண்டாவது செக்ஷன் கஷ்டமா ஈஸியான்னு முடிவாகும். அந்த வீடியோவ நம்பி மொத அஞ்சு கேள்விலயே நேரத்த எல்லாம் கொட்டினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

சென்டென்ஸ் இக்விவலன்ஸ்க்கு அவங்க சொன்ன ட்ரிக்கு இன்னும் மோசம். ஆறு ஆப்ஷன்ல ஒரே அர்த்தம் வர்ற ஜோடியக் கண்டுபிடி, டிக் பண்ணு, வாக்கியத்தப் படிக்கவே தேவையில்லன்னாங்க. நான் அத நம்பி பவர்ப்ரெப் எழுதினேன், இடிஎஸ் குடுக்குற ஃப்ரீ ப்ராக்டிஸ் டெஸ்ட். வரிசையா தப்பு. ஏன்னா அர்த்தம் ஒத்துப் போற ஒரு ஜோடிய வேணும்னே உள்ள வச்சிருப்பாங்க, ஆனா அந்த வாக்கியத்துல அது பொருந்தாது. ரெண்டையும் சரியா எடுத்தாத்தான் மார்க், ஒண்ணு சரி ஒண்ணு தப்புன்னா பாதி மார்க் எல்லாம் கிடையாது. டெக்ஸ்ட் கம்ப்ளீஷனும் அப்படித்தான், மூணு ப்ளாங்க்ல ரெண்டு சரியா போட்டாலும் சைபர். வாக்கியத்துல ஆல்தோ வருதா, ஃபார் ஃப்ரம் வருதா, கோலன் போட்டு வெளக்குறாங்களான்னு பாத்து, ஆப்ஷன மறைச்சிட்டு நம்மளே ஒரு வார்த்தைய மனசுல போட்டுக்கணும், அதுக்கப்புறம்தான் ஆப்ஷனப் பாக்கணும். இத எனக்கு சொன்னது அந்தக் கோர்ஸ் இல்ல, ரெண்டு வருஷம் முன்னாடி எழுதின ஒரு அக்கா, ஒத்தக் காசு வாங்காம.

அந்த அக்காதான் அந்தக் கோர்ஸோட சேல்ஸ் பேஜப் பாத்துட்டு கேட்டாங்க, "ஏம்மா, இதுல வெர்பல் 720ன்னு ஸ்கோர் போட்டிருக்கானே, நீ கவனிக்கலையா?"ன்னு. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. 200ல இருந்து 800 வரைக்கும்ங்கிற அளவு 2011லயே முடிஞ்சு போச்சு, இப்ப 130ல இருந்து 170 வரைக்கும்தான். அதாவது அந்த "எங்க ஸ்டூடண்ட்ஸ்" ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் ஒண்ணு பத்து வருஷத்துக்கு மேல பழசு, இல்ல எங்கயோ எடுத்தது. ஃபோன்ல அந்தப் பையன் 145ன்னு புது அளவுல பேசுறான், பக்கத்துல பழைய அளவு. ரெண்டும் ஒரே நாள்ல என் கண்ணு முன்னாடி இருந்துச்சு.

சரி, பணத்தத் திரும்பக் கேப்போம்னு மெயில் போட்டேன், தப்பான வார்த்தை 41ஐ டிக்‌ஷனரி பக்கத்தோட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். பதில், "டியர் ஸ்டூடண்ட், ரீஃபண்ட் பாலிஸி பாக்கவும்". பாத்தா, 30 நாள் க்விஸும் அந்தந்த நாள் 24 மணி நேரத்துக்குள்ள முடிச்சிருக்கணுமாம், கோர்ஸுக்கு முன்னாடி ஒரு ஒரிஜினல் ஜிஆர்இ ஸ்கோர், முடிச்சப்புறம் ஒரு ஒரிஜினல் ஸ்கோர், ரெண்டும் காட்டணுமாம். மொத தடவ எழுதப்போறவ கிட்ட முன்னாடி ஸ்கோர் எங்கிருந்து வரும்? அதோட 11வது நாள் க்விஸ் அவங்க சர்வர்லயே லோட் ஆகல, அப்பவே புகார் டிக்கெட் போட்டு "சரி பண்றோம்"னு பதிலும் வாங்கிருக்கேன். இப்ப அதே 11வது நாள காட்டி "இன்கம்ப்ளீட், எலிஜிபிள் இல்ல"ன்னுட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு ஆப் லாகினும் போச்சு. நான் எழுதி வச்ச நோட்ஸ் எல்லாம் அதுக்குள்ள, வெளிய எடுக்க வழியே கிடையாது.

அதனால இப்ப யாராவது இப்படி ஒண்ணுல இருந்தீங்கன்னா, மொதல்ல உங்க நோட்ஸ வெளிய எடுங்க, பேப்பர்ல எழுதினாலும் பரவால்ல. ஆட்டோ ரினியூவல் ஆன்ல இருக்கான்னு பாருங்க, எனக்கு இருந்துச்சு, ரெண்டாவது தடவ பணம் எடுக்கப் போன அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, கார்ட ப்ளாக் பண்ணித் தப்பிச்சேன். மொத தடவ கட்டினதுக்கு பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், அந்த 11வது நாள் டிக்கெட் பதில்தான் என் கைல இருக்கற பலமான ஆதாரம், அதனால சாட்ல பேசினத எல்லாம் அன்னன்னைக்கே சேவ் பண்ணி வைங்க.

நான் இப்ப படிக்கிறது ஒரு நாளைக்கு 15 வார்த்தை. ஒவ்வொண்ணையும் டிக்‌ஷனரில பாத்து, அது வர்ற ஒரு வாக்கியத்தோட அங்கி (Anki)ங்குற ஃப்ளாஷ்கார்டு ஆப்ல கார்டு போடுறேன், கம்ப்யூட்டர்லயும் ஆண்ட்ராய்ட்லயும் அது ஃப்ரீ, எது மறக்குதோ அத அதுவே திரும்பக் கொண்டு வரும். வேர்ச்சொல்லும் கொஞ்சம் பாக்குறேன், லோக்வேஷியஸ், எலக்வென்ட், சொலிலக்வி மூணுலயும் பேசுறதுங்குற ஒரே லத்தீன் வேர் இருக்குன்னு தெரிஞ்சப்ப அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. ஆனா வேர வச்சு அர்த்தத்த ஊகிச்சு நிறுத்திக்காதீங்க, அந்த லிஸ்ட்ட எழுதினவன் பண்ணின தப்பே அதுதான். பழைய லிஸ்ட்ல தப்பாப் படிச்ச வார்த்தைங்களுக்கு தனி டெக் (கார்டு கட்டு) வச்சிருக்கேன், இன்னைக்கு வரைக்கும் ரெஸ்டிவ்னு பாத்தா ஓய்வுதான் மொதல்ல மனசுல வருது, ஒரு நொடி கழிச்சுத்தான் சரியானது வருது. 18 நிமிஷத்துல 12 கேள்வின்னா அந்த ஒரு நொடியும் நமக்கு வேணும்ங்க.

உங்க கைல இப்ப ஏதாவது லிஸ்ட்டோ பிடிஎஃப்போ இருந்தா, எவ்வளவு நம்பிக்கையானவங்க குடுத்திருந்தாலும் சரி, தெறந்து எனர்வேட், நாய்ஸம், ரெஸ்டிவ், இந்த மூணு எடத்துக்கு மட்டும் போங்க. என்ன போட்டிருக்குன்னு பாருங்க.