மாமியார் வீட்டிலிருந்து வேலை: தேமாவில் ஏழு வாரம்

கணவருக்குப் பிறந்த ஊர், எனக்குப் புகுந்த ஊர் தேமா. கானா தலைநகர் அக்ராவுக்குக் கிழக்கே இருக்கும் துறைமுக நகரம். லண்டனிலிருந்து டிசம்பரில் போய் ஜனவரி கடைசியில் திரும்பினோம். எனக்கு விடுப்பு இரண்டே வாரம். மிச்ச ஐந்து வாரமும் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து அலுவலக வேலை பார்த்தேன். கிரீன்விச் கோடு தேமா வழியாகத்தான் போகிறது; குளிர்காலத்தில் லண்டனிலும் அங்கேயும் ஒரே நேரம். மீட்டிங்குக்கு மணிக்கணக்குப் பார்க்க வேண்டியதே இல்லை.

என்னுடையது இந்தியப் பாஸ்போர்ட். லண்டனிலேயே பார்வையாளர் விசா எடுத்துவிட்டேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றையும் மறக்காமல் எடுத்துப் போனேன், இறங்கியதும் அதைத்தான் கேட்பார்கள். எனக்கு 60 நாள் முத்திரை. இரட்டைக் குடியுரிமை அட்டை வைத்திருக்கும் கணவருக்கு ஒரு 'அக்வாபா' (நல்வரவு), அவ்வளவுதான்.

அடுத்த முறை நான்கு மாதம் தங்கினால் என்ன என்ற ஆசையில் விசாரிக்கத் தொடங்கினேன். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கென்று கானாவில் தனி விசா கிடையாது. வொர்க் பர்மிட் என்றால் அங்குள்ள நிறுவனம் ஒன்று நமக்காகக் கேட்க வேண்டும். பார்வையாளராக வந்து மடிக்கணினியைத் தட்டுபவர்கள் நிறையப் பேர் உண்டு. யாரும் கேட்பதில்லை என்பதற்காக அது அனுமதி ஆகிவிடாது. ஐந்து வாரம் நான் செய்ததும் அதேதான், பெருமையாகச் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தில் இதற்கென்றே திட்டம் வைத்திருக்கும் நாடு காபோ வெர்டே, மேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய தீவு நாடு. 2020 டிசம்பரில் தொடங்கினார்கள். ஆறு மாதம் தங்கலாம், புதுப்பிக்கலாம். வங்கியில் சராசரியாக 1,500 யூரோ இருப்பு காட்ட வேண்டும். ஆனால் ஐரோப்பா, வட அமெரிக்கா, போர்த்துகீசிய மொழி நாடுகள், மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு நாடுகள் இவற்றின் குடிமக்களுக்குத்தான். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்தக் கதவு இல்லை.

கானா பார்ப்பது உறவை. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி, பூர்வீகம் ஆப்பிரிக்கா என்ற உரிமையில் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்திருக்கிறார். 2000ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு. 2024 நவம்பரில் 524 பேருக்குக் குடியுரிமையே கொடுத்தார்கள். எனக்கு அந்த வழி இல்லை, கல்யாணம் இருக்கிறது. கானாக்காரரின் மனைவி என்ற முறையில் குடியிருப்பு அனுமதி கேட்கலாம், பிற்பாடு காலவரையற்ற அனுமதியும் கேட்கலாம். ஆண்டில் 90 நாளைத் தாண்டினால் வெளிநாட்டவருக்கான 'கானா அட்டை' என்ற அடையாள அட்டையும் எடுக்க வேண்டும். 183 நாளைத் தாண்டினால் வருமான வரி வரும், அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இதையெல்லாம் ஒழுங்காக வரிசையில் நின்று தெரிந்துகொண்டிருக்கலாம். அதற்கு முன்னால், ஓர் அலுவலகத்துக்கு வெளியே நின்ற தரகரிடம் மாட்டிக்கொண்டேன். அங்கே இவர்களை 'கோரோ பாய்' என்கிறார்கள். "அக்கா" என்று நம்மூர் ஆள் கூப்பிடுவதுபோல "ஸிஸ்டர், ஸிஸ்டர்" என்று ஒரே பாசம். படிவத்துக்கு என்று 300 சீடி (கானா பணம்) வாங்கிக்கொண்டு போனவர் போனவர்தான். மாமியார் என்னைத் திட்டவில்லை. மகனைத்தான் திட்டினார், அவளைத் தனியாக எதற்கு அனுப்பினாய் என்று.

வேலைக்கு இணையம் போதும். மின்வெட்டுதான் காலை வாரும். அதற்கு அங்கே 'டும்சோர்' என்று பெயர். அங்கே பேசும் ட்வி மொழியில் 'விளக்கை அணை, விளக்கை ஏற்று' என்று அர்த்தம். ஒருமுறை மின்வெட்டே இல்லை, ப்ரீபெய்ட் மீட்டரில் காசு தீர்ந்துபோய் மேலாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே வைஃபை செத்தது. மாமியார் கைபேசியில் மோமோ (மொபைல் மணி) மூலம் பணம் ஏற்றுவதற்குள் மீட்டிங் முடிந்துவிட்டது. அப்புறம் கென்கியும் ஷிட்டோவும் வைத்தார். நாள்பட்ட மாவுப் புளிப்பு, காரக் கருவாட்டுத் துவையல். நமக்கென்ன புதுசா?

இந்த டிசம்பருக்குத் திருமணச் சான்றிதழின் அசலை எடுத்துப் போகிறேன். மாமியார் இப்போதே இன்வெர்ட்டர் விலை விசாரித்து வைத்திருக்கிறார்.