இபப், பிடிஎஃப், டெய்சி, பிஆர்எஃப்: கேட்டுப் படிக்கிறவர்கள் எதை இறக்கலாம்?

மின்னூல் தளங்களில் ஒரே புத்தகத்துக்குக் கீழே நான்கைந்து பதிவிறக்க இணைப்புகள் இருக்கும். கண்ணால் படிப்பவர்கள் எதைத் தட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. என்விடிஏ, டாக்பேக் என்று திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அந்த இடத்திலேயே பாதி விஷயம் தீர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு வடிவமும் தமிழில் எப்படி நடந்துகொள்கிறது என்று எழுதலாம் என்று தோன்றியது, ஏனென்றால் இந்த ஒப்பீடுகள் பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகத்தை வைத்தே எழுதப்படுகின்றன, தமிழின் தொல்லைகள் வேறு.

பிடிஎஃப்பை முதலில் முடித்துவிடுகிறேன். எல்லோரும் தருவது அதுதான், எனக்குக் கடைசி இடம் அதற்குத்தான். ஸ்கேன் செய்த படமாக இருந்தால் திரைவாசிப்பானுக்கு அது வெறும் வெற்றுத்தாள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், 'தமிழ்' என்று திரையில் தெரிகிற இடத்தில் எங்கள் காதில் 'ஜே கே பி ஓ' என்று விழும். சரி, எல்லாக் கருவிகளுக்கும் புரிகிற பொதுக் குறியீடான யூனிகோடில் செய்த பிடிஎஃப் என்றால் பிழைத்தோமா என்றால் அதுவும் எப்போதும் இல்லை. கொம்பும் ஐகாரக் குறியும் பார்வைக்கு எழுத்தின் இடப்பக்கம் நிற்கின்றன அல்லவா, சில பிடிஎஃப்களில் அந்தப் பார்வை வரிசையிலேயே பதிந்துபோய், வாசிக்கும்போது முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். தலைவர் 'தைலவர்' ஆகிவிடுவார், மலை 'மைல' ஆகிவிடும், கலைஞர் 'கைலஞர்'. முதலில் சிரிப்பாக இருக்கும், ஒரு அத்தியாயம் கேட்டால் தலை வலிக்கும். இது போதாதென்று, தமிழில் வரி முடிவில் சொல்லைக் கோடு போடாமலே உடைப்பது வழக்கம், அதனால் ஒரு சொல் இரண்டாகக் கேட்கும், நடு வாக்கியத்தில் பக்க எண்ணும் புத்தகத்தின் பெயரும் வந்து குறுக்கே நிற்கும். பிடிஎஃப்பிலும் இது தலைப்பு, இது பத்தி என்று குறிக்கும் டேக் எல்லாம் போட்டு ஒழுங்காகச் செய்ய முடியும், நான் இல்லை என்று சொல்லவில்லை. அப்படிச் செய்த தமிழ்ப் புத்தகம் கிடைப்பதுதான் அபூர்வம்.

இபப்தான் என் தேர்வு. இபப் என்பது அடிப்படையில் ஒரு ஜிப் பொட்டலம், உள்ளே வலைப்பக்கங்கள் போன்ற கோப்புகள், அவ்வளவுதான். அதனால்தான் திரைவாசிப்பானுக்கு இது தாய்வீடு. தலைப்புகளைத் தலைப்பாகவே குறித்திருந்தால், கணினியில் தோரியம் ரீடரில் திறந்து, என்விடிஏ உலாவு நிலையில் எச் விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு தலைப்பாகத் தாவலாம். திருக்குறள் மாதிரி 133 அதிகாரம் உள்ள நூலுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள், வெறும் டெக்ஸ்ட் கோப்பில் இதே வேலைக்குத் தேடல் பெட்டிதான் கதி. மாணவர்களுக்கு இன்னொன்று: அச்சுப் புத்தகத்தின் பக்க எண்களை இபப்புக்குள் குறித்துவைக்க முடியும், ஆசிரியர் வகுப்பில் '84ஆம் பக்கம்' என்றால் நேராக அங்கே போகலாம். ஆனால் இதை யாராவது மெனக்கெட்டுப் போட்டிருக்க வேண்டும். தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்கி விட்டுவிட்ட இபப்புகளும் உலவுகின்றன, அவை பெயருக்குத்தான் இபப்.

எங்கே கிடைக்கும் என்றால், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் நூல்களை இபப்பாகவும் மோபியாகவும் ஏ4, 6 அங்குலப் பிடிஎஃப்களாகவும் தருகிறார்கள், யோசிக்காமல் இபப்பை எடுங்கள். கிண்டிலின் பழைய வடிவமான மோபிக்கு இனி வேலை இல்லை. பழைய இலக்கியம் என்றால் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது, அங்கே யூனிகோட் எச்டிஎம்எல் பக்கம் இருந்தால் பிடிஎஃப்பை விட்டுவிட்டு அதை உலாவியிலேயே திறந்து படிப்பேன். கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் நிறைய இருக்கின்றன, அவற்றைக் கிண்டில் செயலியிலோ கருவியிலோதான் படிக்க வேண்டும், பூட்டு போட்ட நூலை நமக்குப் பிடித்த வாசிப்பானுக்குக் கொண்டுபோக முடியாது. எனக்கு அது ஒரு குறைதான், உங்களுக்கு எப்படியோ.

பார்வையற்றோருக்கான ஒலிநூல் வடிவமான டெய்சியை நம் ஆட்களில் பலர் பள்ளிக் காலத்திலிருந்தே அறிவார்கள். மனிதக் குரலில் பதிவான புத்தகம் வேண்டும், அதே சமயம் அத்தியாயம் அத்தியாயமாகத் தாவவும் வேண்டும் என்றால் இன்றும் இதுதான். ஆறு நிலைத் தலைப்பு வரை போகலாம், பக்கத்துக்குப் போகலாம், அடையாளம் வைக்கலாம். வெறும் எம்பி3 கோப்பில் இதில் எதுவும் கிடையாது, அதைப் பயணத்தில் கதை கேட்க வைத்துக்கொள்ளலாம், படிக்க முடியாது. டெய்சியில் எரிச்சல் என்னவென்றால் அது ஒரே கோப்பு அல்ல, ஒரு ஃபோல்டர் நிறைய சில்லறைக் கோப்புகள், கைபேசிக்கு மாற்றும்போது ஒன்று விட்டுப்போனாலும் சண்டித்தனம் செய்யும். அளவும் பெரிது: பத்து மணி நேரக் குரல் 64 கேபிபிஎஸ்ஸில் கிட்டத்தட்ட 290 எம்பி வரும், அதே நூல் படமில்லாத இபப்பாக இருந்தால் பெரும்பாலும் ஒரு எம்பிகூட வராது.

கேட்டே படிப்பதில் ஒரு சிக்கல், ரகர றகரமும் மூன்று நகரங்களும் காதுக்குப் பிடிபடாது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதனால் எழுத்துப்பிழையில் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். டெக்ஸ்ட் உள்ள கோப்பு என்றால் அம்புக்குறியால் எழுத்து எழுத்தாக நகர்ந்து சரிபார்க்கலாம், குரல் பதிவில் வழியே இல்லை. எழுத்தை விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாகக் காட்டுகிற பிரெய்ல் காட்சிப்பலகை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. ஆனால் அதற்காக, ஏற்கெனவே பிரெய்லாக மாற்றி வைத்த கோப்பான பிஆர்எஃப்பை எடுக்கலாமா என்றால், அந்தக் கோப்பு பொதுவாக 40 புள்ளிக்கட்டம், 25 வரி என்று அச்சுத்தாளுக்கு ஏற்றபடி வெட்டி வைத்தது. ஆர்பிட் ரீடர் 20 போன்ற 20 கட்டக் கருவியில் வரிகள் துண்டு துண்டாக வரும், திரைவாசிப்பானில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக ஒலிக்கும். பிரெய்ல் அச்சுப்பொறிக்கு அனுப்ப பிஆர்எஃப் சரி. படிக்க என்றால், கணினியில் கருவியை இணைத்து யூனிகோட் இபப்பையே திறந்துகொள்வேன், என்விடிஏவில் தமிழ் பிரெய்ல் அட்டவணை இருக்கிறது, அதுவே மாற்றிக் கொடுத்துவிடும்.

அச்சில் படிக்க முடியாதவர்களுக்காக 2016இல் தொடங்கிய இணைய நூலகமான சுகம்ய புஸ்தகாலயாவில் மாற்றுத்திறனாளி என்பதற்கான சான்று கொடுத்து உறுப்பினராகலாம், தமிழ் நூல்களும் உண்டு. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட வடிவம் இருந்தால் மேலே சொன்ன கணக்குதான், டெக்ஸ்ட் வேண்டுமா குரல் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துகொண்டு இறக்குங்கள்.

பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்பவர்கள் 'பிடிஎஃப் கிடைக்குமா' என்று கேட்பதை நிறுத்திவிட்டு, யூனிகோடில் உள்ள வேர்ட் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், அதிலிருந்து காலிபர் மாதிரி இலவச மென்பொருளில் நாமே இபப் செய்துகொள்ளலாம். தயங்கவும் வேண்டாம், 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு நூலை மாற்ற வழி செய்திருக்கிறார்கள், பார்வையற்றோருக்கு நூல் கிடைக்கக் காப்புரிமையில் விலக்கு தரும் சர்வதேச மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் முதல் நாடாக ஏற்றதும் இந்தியாதான். வேர்ட் கோப்பு கிடைக்காவிட்டால் ஸ்கேன் எடுத்து கூகுள் டிரைவில் போட்டு டாக்ஸாகத் திறங்கள், படத்தில் உள்ளதை டெக்ஸ்டாக மாற்றிக் கொடுக்கும், தமிழ் நன்றாகவே வருகிறது, தலைப்புகளை மட்டும் நாம்தான் உட்கார்ந்து குறிக்க வேண்டும்.