பம்பர் டூ பம்பர் என்றார்கள்

கார் வாங்கி மூன்று வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது ஷோரூமிலிருந்து போன். "ஸ்டாண்டர்டு வாரண்டி முடிஞ்சிட்டா அப்புறம் எக்ஸ்டெண்டட் போட முடியாதுங்க சார். பம்பர் டூ பம்பர், அதாவது முன் பம்பர்லேர்ந்து பின் பம்பர் வரைக்கும் எல்லாமே கவர் ஆகும்." நாலாவது, ஐந்தாவது வருடத்துக்கும் சேர்த்து 14,200 ரூபாய் கட்டினேன்.

போன மே மாதம் கரூரிலிருந்து திருச்சி போகையில், குளித்தலை தாண்டியதும் ஏசியில் அனல் காற்று. பானட்டுக்குள் கரகரவென்று சத்தம். சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, ஏசி கேஸை அழுத்தி ஓடவிடும் கம்ப்ரஸர் ஜாம் ஆகிவிட்டது, 31,000 ஆகும் என்றார்கள். வாரண்டி பேப்பரை நீட்டினேன்.

அட்வைசர் நல்ல பையன். முதலில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்தார். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அதற்குள் சர்வீஸ் விட்டிருக்க வேண்டும். ஒரு தடவை பதினெட்டு நாள் தாமதித்திருந்தேன். ஒரு மாதம் வரை விடுவார்களாம். அடுத்து, வெளியே போட்ட ஃபாக் லேம்ப் ஒயரை டார்ச் அடித்துப் பார்த்தார். "ஏசி லைனைத் தொடலைங்க, தப்பிச்சீங்க."

அப்புறம்தான் வில்லங்கம். வண்டியின் முன்பக்கம் இருந்து ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் கல் பட்டு ஒரு பள்ளம், அதைச் சுற்றி எண்ணெய்க் கசிவு. கல்லடி வெளிச்சேதம் என்பதால் அதற்கு வாரண்டி கிடையாது. அது போகட்டும். கேஸ் அந்த வழியாகக் கசிந்ததால்தான் கம்ப்ரஸர் போனது என்று ஜாப் கார்டில் எழுதிவிட்டால் கம்ப்ரஸருக்கும் நாமம்தான். கேஸை இறக்கி எடை போட்டார்கள். ஏறக்குறைய முழு அளவும் இருந்தது. "கசிவு இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு, கம்ப்ரஸர் தானா போயிருக்கு" என்று அட்வைசர் எழுதினார். அந்த ஒரு வரிதான் எனக்கு 31,000 ரூபாயை மிச்சப்படுத்தியது.

ஒப்புதல் வர நாலு நாள், சென்னையிலிருந்து பார்ட் வர ஐந்து நாள். மாற்று வண்டி தரவில்லை. பில்லில் கம்ப்ரஸரும் அதன் லேபரும் சைபர். கண்டென்சர் 8,900, கேஸ், ஆயில் 2,350, கம்ப்ரஸர் உதிர்த்த உலோகத்தூள் போக லைனைக் கழுவ 1,200. ஆக மொத்தம் 12,450 என் கையிலிருந்து. கண்டென்சருக்கு இன்சூரன்ஸில் கேட்டிருக்கலாம். கிளெய்ம் கேட்காதவர்களுக்கு பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, நோ கிளெய்ம் போனஸ், போய்விடுமே என்று விட்டுவிட்டேன்.

பணத்தைப் பொறுத்தவரை எனக்கு லாபம்தான். ஆனால் 'பம்பர் டூ பம்பர்' சுத்தப் புளுகு. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், பேட்டரி, வைப்பர், எலி கடித்த ஒயர் எல்லாம் விலக்குப் பட்டியலில் பொடி எழுத்தில் இருக்கின்றன. வாங்குகிறவர்கள் பணம் கட்டும் முன்பே அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். எனக்குக் கட்டிய பிறகு மெயிலில்தான் வந்தது.

வண்டி எடுக்கும்போது பழைய கம்ப்ரஸரைக் கேட்டேன். வாரண்டியில் மாற்றியது கம்பெனிக்குத் திரும்பப் போக வேண்டுமாம். ஓட்டைக் கண்டென்சரை மட்டும் சாக்கில் சுற்றி டிக்கியில் வைத்தார்கள்.